செல்லாயி பார்த்த வானம்

1

இந்தக் கதை எனக்கு நனைந்துபோன ஓர் அப்பளத்திலிருந்து கிடைத்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வருமாம், ரயில் பயணத்தில் வருமாம். எனக்கு மலேசியாவில், கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவில், ஒரு கல்யாணப் பந்தலில், சாப்பாட்டுக்கு நடுவில் வந்தது.

அன்று காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பக்கவாட்டில் தார்ப்பாய் கட்ட வேண்டாம் என்று பந்தல்காரர் சொல்லிவிட்டார். பாயசம் வருகிற நேரம் மழை சாய்ந்து அடித்தது. இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரஞ்சோதி அண்ணன், குருணில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், ஊறித் தொங்கிய அப்பளத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "செல்லாயி பார்த்த வானம்லா இது" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"யாருண்ணே செல்லாயி?"

"அது பழைய பேச்சு தங்கச்சி. ஜப்பான்காரன் காலத்துல ஒரு பொம்பள. வானம் நல்லா இருக்குன்னு சொல்லி, எஸ்டேட் ஆம்பளைங்கள லங்காவி பக்கம் அனுப்பிட்டா. ஒருத்தனும் திரும்பல. கடல் எடுத்துக்கிச்சு. இப்பல்லாம் கடையில கறி சரியில்லன்னாகூட நாங்க இதத்தான் சொல்றது."

அனுப்பிவிட்டாளாம். ஜப்பான்காரன் ஆண்ட நாட்டில், தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடொன்றில் குடியிருந்த ஒருத்தி, ஆண்களைக் கூட்டமாகக் கடலுக்கு அனுப்பினாளாம். அவளிடம் லாரி இருந்ததா? படகு இருந்ததா? துப்பாக்கி இருந்ததா? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாண வீடாயிற்றே என்று அதைப் பாயசத்தோடு விழுங்கினேன். விழுங்கியது செரிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"லங்காவித் தீவுக் கூட்டத்தின்மேல் மேகங்கள் பஞ்சுப் பொதிகளாக மிதந்—"

இத்தோடு நிறுத்தினேன். கெடாவில் பஞ்சுப் பொதியை யார் பார்த்தது?

[இந்த வரிக்குக் காரணம் வானத்துக்கு மேலேயிருந்து எடுத்த ஒரு படம். கைப்பேசியில் பார்த்தேன். நீலக் கடலில் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு தீவின் தலைக்கு மேலும் அதற்கென்று ஒரு மேகம். இடையில் உள்ள கடல் வெறிச்சென்று இருக்கிறது. காலையில் தீவு காயும், மதியத்துக்குமேல் மேகம் குவியும், மாலையில் இடித்துக் கொட்டும். சில நாட்களில் சுமத்ரா பக்கமிருந்து கருமேகம் வரிசை கட்டி வந்து கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கிக்கொண்டு போகும் என்று கீழே எழுதியிருந்தது. அழகான படம். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும். படகு தெரியாது.]

இரண்டாம் தொடக்கம்:

"புயல், பசித்த பூதம்போல வாயைப் பிளந்துகொண்டு—"

அழித்துவிட்டேன். உவமை மோசம் என்பதால் மட்டுமல்ல. நான் புயலை நன்றாக எழுதினால் நீங்கள் புயல்மீது கோபப்படுவீர்கள். புயல் எந்தத் தோட்டத்துக்கும் வந்து ஆள் எடுக்கவில்லை. அது வழக்கமாக வருகிற மாதத்தில் வழக்கமாக வருகிற இடத்துக்கு வந்தது. ஆகவே இந்தக் கதையில் புயல் வராது. இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு ஏமாந்துவிட்டதாகச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் தொடக்கம். இது இருக்கட்டும்:

செல்லாயியின் வீடு லயத்தில் கடைசி வீடு.

3

செல்லாயியின் வீடு லயத்தில் கடைசி வீடு. வாசலில் நின்றால் ஜெராய் மலை அடி முதல் நுனி வரை தெரியும். மற்ற வீடுகளுக்கு ரப்பர்ப் பால்மரங்கள் மறைக்கும்.

தோட்டம் மலைக்குக் கிழக்கே, குருணுக்கும் புக்கிட் செலம்பாவுக்கும் நடுவில் இருந்தது. கடல் மலைக்கு அந்தப் பக்கம். மழை கடலிலிருந்து ஏறி மலையில் முட்டித்தான் இந்தப் பக்கம் இறங்கும். அதனால் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் 'மலை தொப்பி போட்டிருக்கு' என்பார்கள். தொப்பி போட்ட நாளில் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால், வெட்டிய கோட்டில் ஓடி, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழாது; மரமெல்லாம் வழிந்து வீணாகும். தொப்பி இல்லாத நாளில் வெட்டு உண்டு.

விடியும் முன்னே தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். ஆள் எல்லாம் ஆபீஸ் முன்னால் வந்து வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் பெரட்டு. பெரட்டில் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கேட்கும் முதல் கேள்வி, "மலை எப்படி?" என்பது. கடைசி வீட்டுக்காரி என்பதால் பதில் சொல்வது செல்லாயியின் வேலையாகிப் போனது. அவள் சொன்ன பிறகுதான் கத்தியும் வாளியும் அசையும்.

[முதலில் செல்லாயியை வானத்தின் மொழி அறிந்தவளாக எழுதினேன். எறும்பு முட்டை தூக்குவதைப் பார்ப்பாள், காற்றை முகர்வாள் என்றெல்லாம் ஒரு பக்கம் போனது. படித்துப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. முழுவதையும் அடித்துவிட்டேன். அவளிடம் ஞானம் எதுவும் இல்லை. கடைசி வீடு இருந்தது. அவளுக்குத் தெரிந்த வானம், பால் எடுத்து நிறுத்துப் போடுகிற உச்சிவேளை வரைக்குமான வானம். அதற்குமேல் மழை பெய்தால் யாருக்கு என்ன?]

அவள் புருஷன் பிச்சைக்கு இதில் எப்போதும் கிண்டல்தான். காலையில் பாயைச் சுருட்டும்போதே, "உன் சம்பந்தி இன்னிக்கு என்ன சொல்றாரு?" என்று கேட்பான். சம்பந்தி என்றால் மலை. அவளும் விடமாட்டாள். "குளிக்காத ஆளுக்கெல்லாம் அவரு பதில் சொல்ல மாட்டாராம்" என்பாள்.

4

ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரைக் கேட்பாரில்லை. வெட்டு நின்றது. பாதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். அரிசி கண்ணில் படுவதே அபூர்வமாயிற்று. வெள்ளைக்காரத் துரை ஓடிப் போயிருந்தார். கிராணி சுப்பிரமணியம் ஓடவில்லை. ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லவும் இடுப்பை வளைக்கவும் கற்றுக்கொண்டு ஆபீசிலேயே இருந்தார்.

பெரட்டு இருந்தது, ஆனால் மலையைப் பற்றிய கேள்வி நின்றுபோனது. கிழங்கு பிடுங்க மலையைக் கேட்க வேண்டியதில்லையே. செல்லாயி மட்டும் பழக்கம் விடாமல் காலையில் வாசலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். என்றைக்காவது வெட்டு திரும்பும், வெட்டு திரும்பினால் அரிசி திரும்பும் என்பது அவள் கணக்கு.

சயாமில் ரயில் போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. லாரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். புரட்டாசி மாதம் புது உத்தரவு வந்தது. லங்காவிப் பக்கம் ஒரு தீவில் கரிக்கு மரம் வெட்ட ஆள் வேண்டும். கிராணி முதல் நாள் மாலை லயத்துக்கு வந்து நயமாகச் சொல்லிப் பார்த்தார். ரயில் வேலை இல்லை, பக்கத்துத் தீவுதான் என்றார். ஆண்கள் மசியவில்லை.

"கடலுங்களாய்யா? இந்த மாசத்துலயா?" என்றான் பிச்சை. "மரவள்ளி திங்கிற வயிறு, உப்புத்தண்ணி தாங்காதுங்க."

மறுநாள் ஆபீஸில் ஆள் காட்ட முடியாத கிராணிக்கு ஜப்பான்காரன் கையால் கன்னத்தில் அறை விழுந்தது. அதற்கு அடுத்த நாள், பெரட்டில் ஆண்கள் வரிசைக்கு வரவில்லை. மர ஓரத்திலேயே நின்றார்கள். லாரி தலையைக் காட்டினால் பாய்ந்துவிடுகிற தூரம். சிப்பாய்கள் ஓரிருவர்தான் இருந்தார்கள். கிராணி லாரியை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லியிருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாரியை மறைத்தது அவர்.

பிறகு பெண்கள் வரிசையைப் பார்த்து, பழைய நாட்களின் குரலில் கேட்டார்.

"செல்லாயி, மலை எப்படி?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வெட்டுத் தொடங்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கு அந்த மண்ணில் வேறு பொருளே கிடையாது.

"தொப்பி இல்லீங்க ஐயா. பளிச்சுன்னு இருக்கு. வெட்டலாம்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டுத்தாங்க வாரேன்."

கிராணி ஆண்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடா? செல்லாயியே சொல்லிட்டா. அவ சொல்லி என்னிக்காவது தப்பியிருக்கா? கடல் கொளம் மாதிரி கெடக்கும். வெள்ளிக்கிழம வீட்டுல இருப்பீங்க. ஏறுங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜப்பான்காரனை அவர்கள் நம்பவில்லை. கிராணியையும் நம்பவில்லை. செல்லாயியை நம்பினார்கள். மர ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள். அப்போதுதான் புகைக்கூண்டுக்குப் பின்னாலிருந்து லாரி வந்தது.

செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. வாய் திறந்து அவள் ஏதோ—

5

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன்.

ஒரு வரி எழுதினேன்: "ஐயா, நான் பால் வெட்டுக்குத்தாங்க சொன்னேன், கடலுக்குச் சொல்லலீங்க." அடித்தேன். திரும்ப எழுதினேன். இந்த வரி இருந்தால் அவள் தப்பித்துவிடுவாள். நீங்களும் நிம்மதியாக அடுத்த பக்கம் போய்விடுவீர்கள்.

ஆனால் அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு இதையெல்லாம் சொன்னது குருணில் இருக்கும் புஷ்பவள்ளி அக்கா. லாரியில் ஏறியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். 'செல்லாயி அத்தை பேயறைந்தது போல நின்றாள்' என்பதுதான் அவர் அம்மா அவருக்குச் சொன்னது. பிச்சை அவளைக் கடக்கும்போது, "சம்பந்தி நல்லதுதான் சொல்லியிருக்காரு. போய்ட்டு வரேன்" என்றானாம். அவ்வளவுதான்.

ஆமாம், பிச்சையும் அந்த லாரியில்தான் ஏறினான். பரஞ்சோதி அண்ணனுக்கு இது தெரியாது. பழமொழிக்கு இது தெரியாது.

ஆக அந்த வரியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது: நான் ஏன் இவளுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்? ஒரு சாமர்த்தியமான வாக்கியம் இருந்தால்தான் இவள் குற்றமற்றவளா? சரி, அவள் தப்பாகவே சொன்னாள் என்று வைத்துக்கொள்வோம். கடல் சாதுவாக இருக்கிறது என்று கூசாமல் அடித்துச் சொன்னாள் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் லாரி அவளுடையதாகிவிடுமா?

[நண்பர் ஒருவர் படித்துவிட்டு, "கிராணியையும் கொஞ்சம் புரிந்துகொண்டு எழுதேன், அவரும் அடி வாங்கியவர்தானே" என்றார். முயன்று பார்த்தேன். "சுப்பிரமணியம் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து—" இதற்குமேல் பேனா ஓடவில்லை. அவருக்குப் பயம் இருந்தது. இருக்கட்டும். அந்தத் தோட்டத்தில் யாருக்குத்தான் பயம் இல்லை? பயந்தவர்கள் எல்லாம் இன்னொருத்தியின் வாயை இரவல் வாங்கிப் பொறி வைத்தார்களா? நண்பர் வேண்டுமானால் அவருக்குத் தனிக் கதை எழுதிக்கொள்ளட்டும்.]

6

கோலா கெடா படகுத்துறை வரை என்னால் எழுத முடியும். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர் இருந்தார். பெர்னார்ட் என்று பெயர், அதே தோட்டத்துக்காரர். காய்ச்சலில் லாரியிலேயே சுருண்டுவிட்டதால் துறையில் அவரை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். நடந்தே வீடு வந்து சேர்ந்தவர். அவர் சொன்னதைப் புஷ்பவள்ளி அக்கா என்னிடம் சொன்னார். அக்காவின் பேச்சிலேயே தருகிறேன்.

"பெர்னார்ட் மாமா சொல்லுவாரும்மா. அங்கேர்ந்து பாத்தாலும் மல தெரியுமாம். தொப்பி கிப்பி ஒண்ணும் இல்லியாம். சுத்தமா இருந்துச்சாம். ஆனா மேக்கால கடல் ஓரம் முழுக்க கருப்பா கோடு இழுத்த மாதிரி நின்னுச்சாம். தீவுக்கு மேலல்லாம் மேகம் அடுக்கடுக்கா ஏறிக்கிட்டே போவுதாம். படகு ஒரு மலாய்க்காரர்து. அவரு பாத்துட்டு, 'ஆங்கின், ஆங்கின், போவ முடியாது, நாளைக்குப் போவலாம்'னு கையெடுத்துக் கும்புட்டாராம். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால அவரு வாயிலயே குத்தினானாம். பல்லு கொட்டிடுச்சாம். அப்புறம் அவரே ரத்தத்தத் துப்பிட்டு கயித்த அவுத்தாராம். ஆளுங்க நிக்கக்கூட எடம் இல்லியாம் படகுல."

ஆங்கின் என்றால் காற்று.

இனி நீங்களே சொல்லுங்கள். வானம் சரியில்லை என்று அங்கே ஒருவர் சொன்னார். படகுக்குச் சொந்தக்காரர் சொன்னார், கடலின் முன்னால் நின்று சொன்னார். அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று பார்த்தீர்கள். செல்லாயி அன்று, "தொப்பி போட்டிருக்கு, புயல் வருது, யாரும் போகாதீங்க" என்று கத்தியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? ஆண்கள் காட்டுக்குள் ஓடியிருப்பார்கள், சிலர் பிழைத்திருப்பார்கள், அது உண்மை. அந்த உண்மைதான் அவளைக் கடைசிவரை தின்றது. ஆனால் அந்த மலாய்க்காரரின் உடைந்த பல்லைப் பற்றி ஒரு பழமொழியும் ஏன் இல்லை? கிராணி மறைத்து வைத்த லாரியைப் பற்றி ஏன் இல்லை? 'சுப்பிரமணியம் நிறுத்திய லாரி' என்று நாம் ஏன் ஊறிய அப்பளத்தைப் பார்த்துச் சொல்வதில்லை?

இங்கே புயல் வர வேண்டும். எழுதப் போவதில்லை என்று முன்னமே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆண்கள் வரவில்லை.

7

கிராணி லயத்துக்கு வந்து, தலையில் கைவைத்துக்கொண்டு, "நான் என்ன பண்ணுவேன், அவ அடிச்சுச் சொன்னாளே" என்றார். அது போதுமானதாக இருந்தது.

லயத்துப் பெண்கள் செல்லாயிக்கு நெருப்புக் கொடுப்பதை நிறுத்தினார்கள். தீப்பெட்டி கிடைக்காத காலம், ஒரு வீட்டு அடுப்பிலிருந்து அடுத்த வீடு கொள்ளி வாங்கித்தான் பற்ற வைக்கும். கொள்ளி இல்லை என்றால் அடுப்பு இல்லை. அவள் பச்சைக் கிழங்கைக் கடித்தாள். பச்சை மரவள்ளி நஞ்சு என்று தெரிந்தும் கடித்தாள். அவளும் தாலி அறுத்தவள்தான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"மொதல்ல அந்தப் பேச்ச ஆரம்பிச்சது யாருக்கா?" என்று கேட்டேன்.

புஷ்பவள்ளி அக்கா சொன்னார். "எங்கம்மாதான். காளியம்மா. செல்லாயி அத்த மூஞ்சில துப்பினது எங்கம்மாதான். பக்கத்து வீடு."

"கிராணி மேல கோவம் வரலியா?"

"வராம இருக்குமா? வந்துச்சு. ஆனா அவரு மூஞ்சில துப்ப முடியுமாம்மா? எங்களுக்கு அளக்கிற கொஞ்ச அரிசி அவரு கையிலல்ல இருந்துச்சு. நாங்க புள்ளைங்க திங்கணும்ல. துப்புறதுக்குக் கைக்கு எட்டுன மூஞ்சி அத்த மூஞ்சிதான்."

காளியம்மாள்மீது எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இதைக் கேட்டதும் போய்விட்டது. போன கோபம் முழுவதும் நம்மேல் வந்து நிற்கிறது. காளியம்மாளுக்குப் பசி இருந்தது, பயம் இருந்தது. பந்தலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதையே சொல்லிச் சிரிக்கிற நமக்கு என்ன இருக்கிறது?

8

முடிவு.

ஜப்பான்காரன் போனான். வெள்ளைக்காரன் திரும்பினான். கிராணி சுப்பிரமணியம் அதே ஆபீஸில், அதே நாற்காலியில் இருந்தார்; வணக்கம் மட்டும் மறுபடி ஆங்கிலத்துக்கு மாறியது. மிச்சமிருந்த மரங்களில் வெட்டு தொடங்கியது. முதல் நாள் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆண்கள் வரிசை பாதிக்குமேல் காலியாக இருந்தது. கிராணி பழக்கதோஷத்தில் கேட்டார்.

"மலை எப்படி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லோருடைய கண்ணும் செல்லாயி பக்கம் திரும்பியது. இத்தனை காலமும் அவள் காலையில் வாசலுக்கு வந்து மலையைப் பார்க்காத நாள் இல்லை. அன்றும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

முதல் முடிவு: அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பதிலுக்குக் காத்திராமல் மற்றவர்கள் கத்திகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மழை பிடித்து அன்றைய பால் முழுவதும் மரத்தில் வழிந்தது. [கொஞ்சம் திருப்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மழை எனக்காகப் பெய்கிறது, அவளுக்காக அல்ல.]

இரண்டாம் முடிவு: "தொப்பி இல்லீங்க ஐயா" என்று பழைய குரலிலேயே சொன்னாள். அன்று மழை இல்லை. எல்லோரும் அவளை மன்னித்து— [எதற்கு மன்னிப்பது? யார் யாரை? அடித்தாயிற்று.]

மூன்றாம் முடிவு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் அவள் நிமிர்ந்து அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். ஆனால் அதை அவள் வாயில் வைக்க எனக்குக் கை வரவில்லை. தோட்டத்தில் கேள்வி மேலிருந்து கீழேதான் வரும். கூலிக்காரி கிராணியைத் திருப்பிக் கேட்ட வழக்கமே கிடையாது. அந்தக் கேள்வியை முதல் தடவையே கேட்க முடிந்திருந்தால் பிச்சை லாரியில் ஏறியிருக்கமாட்டான். அவளிடம் இல்லாததை இப்போது நான் தாராளமாகக் கொடுத்து, வீரக்கதையாக முடித்துவிட்டுத் தூங்கப் போவது அயோக்கியத்தனம்.

"அன்னிக்கு அத்த என்ன சொன்னாங்க?" என்று புஷ்பவள்ளி அக்காவைக் கேட்டேன். "ஞாபகம் இல்லம்மா" என்றார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நான் வற்புறுத்தவில்லை.

ஆகவே அவளைப் பெரட்டிலேயே நிற்க வைத்துவிட்டு உங்களிடம் வருகிறேன். வடக்கே போகிற பெரிய சாலையில் குருணை நெருங்கும்போது இடது பக்கம் ஜெராய் தெரியும். வண்டியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். தொப்பி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், உங்களைவிட ஒரு படி மேலே இருப்பவர், சிரித்த முகத்தோடு "மலை எப்படி?" என்று கேட்கக்கூடும். பதில் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும்.

உடனே சொல்லிவிடாதீர்கள். செல்லாயியிடம் நான் கொடுக்காத கேள்வியை உங்களிடம் கொடுக்கிறேன். நீங்கள் கேட்டால் யாரும் உங்களை அறையப் போவதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்:

"எதுக்குக் கேக்குறீங்க?"